மச்சம், மரு, கொழுப்புக் கட்டி: கோடிங் கேள்வி-பதில்

(அமெரிக்க நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து இன்சூரன்ஸுக்குக் கோட் போடும் மெடிக்கல் கோடர்களுக்கு. டி, எல் என்று தொடங்குபவை நோய்க் கோடுகள், ஐந்து இலக்க எண்கள் சிகிச்சைக் கோடுகள்.)

கேள்வி: வலது முன்கையில் டெர்மட்டோஃபைப்ரோமா (தோலில் வரும் தீங்கற்ற நார்த்திசுக் கட்டி). பேத்தாலஜி (திசுப் பரிசோதனை) அறிக்கையும் அதையே சொல்கிறது. டி23.61 சரியா? (சென்னை)

பதில்: சரி. இடது கை என்றால் டி23.62. தோள்பட்டை முதல் விரல் வரை இதே வரிசைதான்.

கேள்வி: கையில் சின்னக் கட்டி. டாக்டர் எடுத்துவிட்டார். என்ன கோட்? (திருச்சி)

பதில்: எந்தக் கை? என்ன கட்டி? எத்தனை சென்டிமீட்டர்? பேத்தாலஜி முடிவு என்ன? ஒன்றுமே எழுதாமல் கோட் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். சார்ட்டை (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பை) முழுக்கப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: செபோரிக் கெரட்டோசிஸுக்கு (மரு போன்ற தீங்கற்ற தோல் வளர்ச்சி) டி23.62 போட்டேன். ஆடிட்டர் பிழை என்கிறார். (மதுரை)

பதில்: பிழைதான். அது டி வரிசையிலேயே இல்லை, எல்82.1. அழற்சி இருந்தால் எல்82.0. வலமா இடமா என்ற பேச்சே இதில் கிடையாது. அழகுக்காக எடுத்ததற்கு இன்சூரன்ஸ் பணம் வராது என்று, அழற்சியே இல்லாதவருக்கும் எல்82.0 போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். டாக்டர் எழுதாததைக் கோட் செய்யாதீர்கள்.

கேள்வி: இடது தோள்பட்டை மச்சத்தை வெட்டி எடுத்திருக்கிறார்கள். பேத்தாலஜி அறிக்கை வர ஒரு வாரம் ஆகும். அதுவரை டி48.5 போட்டு கிளெய்மை அனுப்பலாமா? எங்கள் டீமில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். (கோவை)

பதில்: எல்லாரும் செய்கிறீர்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சலே. திசுவை நுண்ணோக்கியில் பார்த்த பேத்தாலஜிஸ்ட், தீங்கற்றதா புற்றா என்று பார்த்த பிறகும் தீர்மானிக்க முடியவில்லை என்று எழுதித் தந்தால் மட்டுமே டி48.5. அறிக்கை உங்கள் மேசைக்கு வந்து சேரவில்லை என்பதற்கு அந்தக் கோட் கிடையாது. அடுத்த வாரம் சாதாரண மச்சம், டி22.62 என்று முடிவு வரும். ஆனால் அமெரிக்காவில் இருக்கும் அந்த மனிதரின் இன்சூரன்ஸ் பதிவில் நீங்கள் போட்ட சந்தேகம் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

பணக் கணக்கும் இதில் இருக்கிறது. வெட்டி எடுத்தது தீங்கற்றது என்றால் 11400 வரிசை, புற்று என்றால் 11600 வரிசை. முடிவு தெரியாமல் எதைப் போடுவீர்கள்? காத்திருங்கள். வெறும் பயாப்ஸி (சோதனைக்குத் திசு எடுப்பது) என்றால் 11102, 11104 போன்றவை முடிவைப் பொறுத்து மாறுவதில்லை, அவசரமானால் டி49.2 (தன்மை குறிப்பிடப்படாத கட்டி) போட்டு அனுப்பலாம், அதுவும் டாக்டர் கட்டி, வளர்ச்சி என்று எழுதியிருந்தால். 'லீஷன்' (தோல் பாதிப்பு) என்று மட்டும் இருந்தால் எல்98.9. டீம் லீடர் சொன்னார் என்பது ஆடிட்டில் எடுபடாது.

கேள்வி: புஜத்தில் மச்சம் 0.8 செ.மீ. இருபுறமும் 0.2 விட்டு வெட்டியிருக்கிறார்கள். பேத்தாலஜி அளவு 1 செ.மீ. எனவே 11401 தானே? (சேலம்)

பதில்: இல்லை, 11402. இரண்டு பக்க ஓரத்தையும் கூட்டுங்கள்: 1.2 வருகிறது. வெட்டுவதற்கு முன் டாக்டர் அளந்து எழுதியதுதான் கணக்கு. ஃபார்மலினில் கிடந்த தோல் சுருங்கிப்போயிருக்கும். சாதாரணத் தையலுக்குத் தனி பில் போடாதீர்கள்.

கேள்வி: இடது முன்கையில் 4 செ.மீ. லிப்போமா (கொழுப்புக் கட்டி). டி17.22, 11404 போடலாமா? (வேலூர்)

பதில்: முதலாவது சரி. தோலுக்கு அடியிலிருந்து எடுத்த கட்டி என்றால் இரண்டாவது தவறு, 25071. 3 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் 25075. எவ்வளவு ஆழம் என்று ஆபரேஷன் குறிப்பில் இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். எழுதாததைக் கோட் செய்யாதீர்கள்.