பீரோ மேல் ஏறிய புத்தகங்கள்

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். மகளுக்கு நாலரை வயது. புத்தகத் திருவிழாவில் வாங்கிய படக்கதைப் புத்தகங்களில் இரண்டை அவள் அப்பா பீரோ மேல் தூக்கி வைத்துவிட்டார். ஒன்றில் குட்டி யானை இருட்டில் அம்மாவைத் தொலைத்துவிடும். அந்தப் பக்கம் வந்தாலே மகள் என் விரலை இறுகப் பிடித்துக்கொள்வாள். ஆனாலும் அதையே மறுபடி படிக்கச் சொல்வாள். இன்னொன்றில் பாட்டி இறந்துபோகிறார். என் மாமியார் போன தையில்தான் தவறினார். “இந்த வயசுல குழந்தைய எதுக்கு அழ வைக்கணும்?” என்கிறார் கணவர். எந்த மாதிரிப் புத்தகங்களைக் குழந்தைகளிடம் கொடுக்காமல் இருக்கலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

யானைப் புத்தகத்தை இன்றைக்கே இறக்கிவிடலாம். விரலைப் பிடித்துக்கொண்டு மறுபடி படிக்கச் சொல்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பயம் தாங்க முடியாமல் போனால் குழந்தை புத்தகத்தை மூடிவிடும், மடியைவிட்டு இறங்கிப் போய்விடும், ராத்திரி அலறி எழும். அப்படி நடந்தால் சில மாதம் தள்ளி வையுங்கள். உங்கள் மகள் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அம்மா தொலைந்துபோனால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆடியில் நம் சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை பார்த்திருப்பீர்கள். சாமி வேஷமும் அசுர வேஷமும் கட்டியவர்கள் அலங்கார வண்டிகளில் வரும்போது, அப்பா தோளில் இருக்கும் பிள்ளை அவர் தலைமுடிக்குள் முகத்தைப் புதைக்கும், ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும், வண்டி நகர்ந்ததும் அடுத்தது எப்போது வரும் என்று கேட்கும். அந்தக் கண்ணை நாம் பொத்துவதில்லை. அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன், பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வாளோடு நடப்பான். அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நம் வீட்டுப் பெரியவர்களில் பாதிப் பேர்.

படித்தவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1963இல் அமெரிக்காவில் மாரிஸ் செண்டாக் ஒரு படப்புத்தகம் போட்டார். சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்பப்பட்ட பையன் பூதங்களின் நாட்டுக்குப் போய் ராஜாவாகித் திரும்பினால், அறையில் சாப்பாடு சூடாக இருக்கும். தாய் கைவிட்டுவிடுவாள் என்ற பயத்தை அது கிளறும் என்று உளவியல் எழுத்தாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1969இல் கண்டித்து எழுதினார். புத்தகத்தை அவர் படிக்கவில்லை, தாய்மார்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார். அதே மனிதர் 1976இல், பயமுறுத்தும் பழைய கதைகள் குழந்தைகளுக்கு நல்லதே செய்கின்றன என்று தனிப் புத்தகமே எழுதினார்.

சரி, பாட்டி புத்தகம். அங்கே அழப்போவது மகள் இல்லை, உங்கள் கணவர் என்று நினைக்கிறேன். அம்மாவை இழந்து ஒரு வருஷம்கூட ஆகாத மனிதர் அதைத் தூக்கி வைத்ததில் எனக்குக் குறை தெரியவில்லை. அவருக்குத் தெரியாமல் எடுத்துப் படிக்காதீர்கள். ஆனால் பாட்டி எங்கே என்று மகள் கேட்டால், ஊருக்குப் போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். திரும்பி வருவார் என்று காத்திருப்பாள்.

நான் குழந்தையிடம் கொடுக்கத் தயங்கும் புத்தகங்கள் வேறு. பார்க்க அவை ரொம்பச் சாதுவாக இருக்கும். இளவரசி பால் நிறத்தில் இருப்பாள், திருடன் கறுப்பாக இருப்பான். மலைவாழ் மக்கள் என்று ஒரு பக்கம் இருக்கும், அதில் இலையைச் சுற்றிக்கொண்டு ஈட்டியோடு நிற்பார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் அங்கே காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறார்கள், பஸ் பிடித்துச் சேலத்துக்கு வருகிறார்கள், அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்தப் பிள்ளை இந்தப் படத்தைப் பார்த்தால் என்ன நினைக்கும்? உங்கள் மகள் பார்த்தால் விரலைப் பிடிக்கமாட்டாள், அழமாட்டாள், எதுவும் கேட்கவும்மாட்டாள். பயத்தைக் குழந்தை நம்மிடம் காட்டிவிடும். இளக்காரம் உள்ளே போவது நமக்குத் தெரியவே தெரியாது. கறுப்பாக இருக்கும் குழந்தை தன்னைப் பற்றியே அதைக் கற்றுக்கொள்ளும். எனக்குத் தாங்காதது அதுதான்.

இவற்றையும் கிழித்துப்போட வேண்டாம். ஏழெட்டு வயதில் பக்கத்தில் உட்காரவைத்து, “ஏன் இவனை மட்டும் இப்படி வரைஞ்சிருக்காங்க?” என்று கேட்கலாம். நாலரை வயதுக்கு அந்தக் கேள்வி எட்டாது.

அப்புறம் ஒன்று. வாங்கும் முன் எழுத்தைப் படிக்காமல் படங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். யார் அடுப்படியில் நிற்கிறார்கள், யார் பேப்பர் படிக்கிறார்கள், யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். மாவட்ட மைய நூலகத்தில் இரண்டு மூன்று புத்தகங்களை இப்படிப் புரட்டிப் பழகிவிட்டுக் கடைக்குப் போங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது.