கேள்வி – பதில்: கடலியல் மேற்படிப்புக்கு என்ன தகுதி வேண்டும்?

கேள்வி: நான் விலங்கியலில் இளநிலைப் பட்டம் பெற்றவள். கடலியலில் முதுநிலையும் பின்னர் முனைவர் பட்டமும் பெற விரும்புகிறேன். இளநிலையில் கடலியல் படிக்காதது தடையாகுமா? கணிதத்தைக் கல்லூரியில் ஒரு பருவத்தோடு விட்டுவிட்டேன்.

பதில்: முதலாவது தடையாகாது, இரண்டாவது ஆகக்கூடும். கடலியலில் இளநிலைப் பட்டம் வழங்கும் கல்லூரிகள் குறைவு என்பதால், மேற்படிப்புத் துறைகள் பெரும்பாலும் இயற்பியல், வேதியியல், உயிரியல், நிலவியல், கணிதம், பொறியியல் ஆகியவற்றுள் ஒன்றில் உறுதியான அடித்தளம் இருப்பதையே எதிர்பார்க்கின்றன. அத்துடன், எந்தப் பிரிவுக்கு விண்ணப்பித்தாலும் நுண்கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றிலும் ஏறத்தாழ ஓராண்டுப் பாடம் முடித்திருக்க வேண்டும் என்பது பரவலான நிபந்தனை.

விலங்கியல் மாணவிக்கு எதற்கு நுண்கணிதம் என்று தோன்றலாம். நார்வே நாட்டு நான்சென் முனைவர் பட்டம் பெற்றது விலங்குகளின் நரம்பு மண்டல ஆய்வுக்காக, அவரும் விலங்கியலாளரே. 1893ஆம் ஆண்டு ஃபிராம் என்னும் கப்பலில் ஆர்க்டிக் பயணத்தைத் தொடங்கிய அவர், கடலில் மிதக்கும் பனி காற்று வீசும் திசையிலேயே செல்லாமல் அதற்கு வலப்புறமாக 20 முதல் 40 பாகை வரை விலகிச் செல்வதைக் கவனித்தார். புவியின் சுழற்சியே காரணமாக இருக்க வேண்டும் என்று ஊகிக்கவும் செய்தார். ஆனால் அந்த ஊகத்தைச் சமன்பாடுகளாக்கி, ஆழம் கூடக்கூட நீரோட்டத்தின் திசை எவ்வாறு திரும்புகிறது என்று 1905இல் விளக்கியவர், கணிதம் கைவரப்பெற்ற எக்மன் என்ற இளைஞர். காற்றினால் கடற்கரையோர மேல்நீர் அப்பால் நகர, ஆழத்திலிருந்து சத்து மிகுந்த குளிர்நீர் மேலெழுவதும், அதனால் அங்கு மீன்வளம் பெருகுவதும் இந்தக் கணக்கிலிருந்தே புரிகின்றன. மீனை ஆராய்பவருக்கும் அந்தக் கணக்கு தேவைப்படும் இடம் இது.

தாங்கள் உயிரியல் கடலியலைத் தேர்ந்தெடுத்தால், நுண்கணிதத்துக்கு அடுத்தபடியாகப் புள்ளியியலும் சூழலியலும் முக்கியம். இயற்பியல் கடலியலுக்கு வகைக்கெழுச் சமன்பாடுகள், நேரியல் இயற்கணிதம், பாய்ம இயக்கவியல் ஆகியவை வேண்டும். வேதிக் கடலியலுக்குப் பகுப்பாய்வு வேதியியலும் இயல் வேதியியலும், நிலவியல் கடலியலுக்குப் படிவுப் பாறையியல் போன்றவையும் உதவும். விடுபட்ட பாடங்களை விண்ணப்பிக்கும் முன்பே படித்து மதிப்பெண் சான்று பெற்றுவிடுவது நல்லது. ஓரிரு பாடங்கள் குறைந்தால் சேர்ந்த பின் முடிக்க அனுமதிக்கும் துறைகளும் உண்டு. ஆனால் முதலாண்டுப் பாடச்சுமையோடு அதையும் சுமப்பது எளிதன்று.

கேள்வி: விண்ணப்பத்தில் மதிப்பெண்ணைத் தவிர வேறு எதைப் பார்க்கிறார்கள்?

பதில்: பரிந்துரைக் கடிதங்கள், பெரும்பாலும் மூன்று, நோக்க அறிக்கை, ஆங்கிலவழிப் படிப்பாயின் மொழித்தேர்வு. மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ என்னும் பொதுத்தேர்வைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன. எனவே ஒவ்வொரு துறையின் அறிவிப்பையும் தனித்தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றைவிட எடை மிகுந்தது ஒன்றுண்டு. ஆய்வுப் பட்டங்களில் ஒரு துறை மாணவரைச் சேர்க்கிறது என்பதைவிட, ஒரு பேராசிரியர் தம் ஆய்வுக்குழுவுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதே பல இடங்களில் உண்மைக்கு நெருக்கமானது. மாணவரின் உதவித்தொகையும் பெரும்பாலும் அந்தப் பேராசிரியரின் ஆய்வுத்திட்ட நிதியிலிருந்தே வருகிறது. ஆகவே விண்ணப்பக் கெடுவுக்குச் சில மாதங்களுக்கு முன்பே, அவருடைய அண்மைக் கட்டுரைகள் ஓரிரண்டைப் படித்து, அவற்றில் எழுந்த ஐயத்தைக் குறிப்பிட்டு, அடுத்த ஆண்டு மாணவர் சேர்க்கும் எண்ணம் உண்டா என்று சுருக்கமாக மின்னஞ்சலில் கேளுங்கள். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்புவது வீண். அது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். நோக்க அறிக்கையைச் 'சிறுவயது முதலே கடல் மீது காதல்' என்று தொடங்க வேண்டாம். விண்ணப்பிக்கும் அனைவருக்கும் அந்தக் காதல் உண்டு. தாங்கள் விடைகாண விரும்பும் வினா எது, அதற்காக இதுவரை என்ன செய்தீர்கள் என்று தொடங்குங்கள்.

கேள்வி: எனக்கு நீந்தத் தெரியாது, படகில் ஏறினாலே குமட்டும். இந்தப் படிப்பை மறந்துவிட வேண்டியதுதானா?

பதில்: வேண்டியதில்லை. உலகக் கடல்களில் தாமாகவே இயங்கும் ஆர்கோ என்னும் அளவீட்டு மிதவைகள் ஏறத்தாழ 4,000, பத்து நாள்களுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம் வரை சென்று, மேலெழும்போது நீரின் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்து செயற்கைக்கோள் வழியே அனுப்புகின்றன. அத்தரவுகளை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். கரையில் அமர்ந்து இவற்றையும் கணினி மாதிரிகளையும் கொண்டே ஆய்வு செய்வோர் பலர். அதற்குப் பைத்தான் அல்லது மேட்லேப் நிரலாக்கம் வேண்டும். இப்போதே ஒரு மிதவையின் தரவை எடுத்து வரைபடமாக்கிப் பழகினால், நோக்க அறிக்கையில் எழுதவும் ஒரு செய்தி கிடைக்கும். எனினும் சில துறைகளில் ஒரு கப்பல் பயணமாவது பாடத்திட்டத்தின் பகுதியாக இருக்கும். அதைச் சேருமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குமட்டலைப் பொறுத்தவரை, பல்லாண்டு அனுபவமுள்ள கடலியலாளர்கள் சிலரும் பயணத்தின் முதல் இரண்டு நாள்களை மாத்திரையோடு படுக்கையில்தான் கழிக்கிறார்கள்.