படிக்க உட்கார்ந்தால் மனது நிற்கவில்லையா?

"உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாவது முறை படிக்கிறேன் அக்கா. புத்தகத்தைத் திறந்து பத்து நிமிடம்கூட மனது நிற்பதில்லை. யோகா செய்தால் சரியாகுமா? எங்கள் காம்பராவில் கை நீட்டவே இடமில்லை" என்று ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்.

சரியாகும் தங்கச்சி, ஆனால் உடம்பை வளைத்து முறுக்குவதால் இல்லை. சம்மணம் போட்டு உட்கார இடம் இருந்தால் போதும். நம்ம குளிருக்கு வெறும் சிமெந்தில் உட்காராமல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, மேலே கம்பளியை விரித்துக்கொள்ளுங்கள். அம்மா காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குக் கிளம்பியதும் வீடு கொஞ்சம் அடங்கும் இல்லையா, அந்த நேரம்தான் நல்லது. அடுப்புப் புகை இருந்தால் வாசல் பக்கத்து இஸ்தோப்புக்கு வந்துவிடுங்கள், புகைக்குள் மூச்சுப் பயிற்சி வேண்டவே வேண்டாம்.

முதலில் தாடாசனம், இரண்டு நிமிடம். கையை மேலே தூக்கி, குதிகாலை உயர்த்தி, எதிர்ச் சுவரில் ஒரு ஆணியையோ கறையையோ பார்த்துக்கொண்டே நில்லுங்கள். பார்வை நகர்ந்தால் உடம்பும் ஆடும், மனது எப்போது நழுவியது என்று உடனே தெரிந்துவிடும்.

அப்புறம் உட்கார்ந்து மூச்சு. நாலு எண்ணி இழுத்து, எட்டு எண்ணி விடுங்கள். திருமூலர் சொன்ன கணக்கு மூச்சை இழுக்க 16 மாத்திரை (மாத்திரை என்றால் இங்கே நேர அளவு), உள்ளே அடக்க 64, விட 32. அந்த அடக்குவதை ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள், இழுப்பதைப் போல இரண்டு மடங்கு விடுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சை நீளமாக விடும்போது இதயத் துடிப்பு மெதுவாகி, படபடப்பு அடங்கும். எட்டு முடியாவிட்டால் ஆறு போதும், திணறக்கூடாது. மூன்றாவது மூச்சிலேயே போன வருஷ ரிசல்ட் ஞாபகம் வந்து எண்ணிக்கை தவறும், வரட்டும். உங்களைத் திட்டிக்கொள்ளாமல் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பயிற்சியே அதுதான், நழுவியதைக் கவனித்து மனதைத் திரும்பக் கூட்டி வருவது. நாளைக்குப் பாடத்தின் நடுவிலும் அதையேதான் செய்யப் போகிறீர்கள்.

எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம், தினமும் அதே நேரம். முடிந்த கையோடு புத்தகத்தைத் திறங்கள், போன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் ஒன்றுமே மாறாத மாதிரி இருக்கலாம், அதற்காக விட்டுவிடாதீர்கள். ராத்திரி மூன்று மணி வரைக்கும் விழித்திருந்துவிட்டுக் காலையில் யோகாவால் சரிக்கட்டலாம் என்றும் நினைக்காதீர்கள், தூக்கத்துக்கு மாற்று எதுவும் கிடையாது.

இன்னொன்று, நான் இதை எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்பேன். படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்குகிறதா, எழுந்தால் தலை சுற்றுகிறதா? அப்படியென்றால் மனது நிற்காததற்கு இரத்தம் குறைவாக இருப்பதும் காரணமாகலாம், கிளினிக்கில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். சோறு சாப்பிட்ட கையோடு குடிக்கிற பிளேன்டீ சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், அம்மாவையும் அப்படியே குடிக்கச் சொல்லுங்கள்.