தோட்டத்து அடுப்படிக்கும் கடனுக்கும் நடுவில் ஒரு பாரம்

கேள்வி: சிறு தொழில் தொடங்குபவர்களில் யாரும் விடுபடாமல் உதவி கிடைக்க என்ன செய்யலாம்?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பாரம் (விண்ணப்பப் படிவம்) நிரப்பித் தருவதும் உண்டு. அந்த மேசையில் பார்த்ததைச் சொல்கிறேன்.

பணமே இல்லை என்று சொல்வதற்கில்லை. சிறு வியாபாரிகளுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குன் நேஷனலில் நம் இந்தியச் சமூகத்துக்கென்றே ஸ்புமி என்ற கடன் இருக்கிறது. சிறுகடன் அமைப்பான அமானா இக்தியார் 2024இல் இந்தியப் பெண்களுக்காக 5 கோடி வெள்ளியில் (ரிங்கிட்) 'பெண்' திட்டம் தொடங்கியது. ஆனால் நடுவில் ஒரு பாரம் கிடக்கிறது, மலாயில்.

போன வருஷம் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) முறுக்கு விற்கும் அக்கா வந்தார். கையில் ஐசி, பேங்க் புத்தகம், பிளாஸ்டிக் பையில் எண்ணெய்க் கறை படிந்த ரசீதுகள். 'வியாபார முகவரி' கட்டத்துக்கு வந்ததும் தயங்கினார்.

"என்னா தம்பி எழுதுறது? வீடு தோட்டத்தோடது. அடுப்பு மட்டுந்தான் என்னோடது."

எழுதிக் கொடுத்தால் மண்டோர் (தோட்டக் கங்காணி) காதுக்குப் போய், வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம். எஸ்எஸ்எம்மில் (கம்பெனிகள் ஆணையம்) வியாபாரப் பதிவு வருஷத்துக்கு 60 வெள்ளிதான். சொந்தப் பெயரிலேயே நடத்தினால் 30. அது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கட்டம்தான் மலையாக நின்றது. கடைசியில் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கும் தம்பி வீட்டுக்கு அடுப்பையே மாற்றினார்.

அப்புறம் ஈப்போவில் பயிற்சி என்று அழைத்தார்கள். புதன் காலை 10 மணி. அன்று ராத்திரி பசார் மாலாம். அக்கா மாவு பிசைவாரா, பஸ் ஏறுவாரா? போய் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் கார் வைத்திருப்பவர்கள்.

அக்கா மாதிரி ஆட்கள் நம்புவது 'கூட்டு' என்கிற சீட்டைத்தான்; எல்லாரும் மாதாமாதம் பணம் போட்டு, முறைவைத்து எடுப்பது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது (சட்டத்தின் பெயரிலேயே நம்முடைய 'கூட்டு' உட்கார்ந்திருப்பது வேடிக்கை). பணத்தோடு தலைவி ஓடிவிட்ட கதைகள் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் கட்டுகிறார்கள். அங்கே பாரம் இல்லை, தமிழில் பேசலாம், ராத்திரி 9 மணிக்கும் கதவு திறந்திருக்கும்.

எங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், 1960இல் தொழிலாளர்களே தோட்டம் வாங்குவதற்கான தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் 10 வெள்ளித் தவணையில் பங்கு சேர்த்தபோது, தோட்டம் தோட்டமாகப் போய்த்தான் கேட்டார். இப்போதும் அதைச் செய்தால் போதும்: சாயங்காலத்தில், கோவில் மண்டபத்தில், தமிழ் பேசும் ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். கடன் கிடைத்த பிறகும் மாதம் ஒருமுறை அதே ஆள் வர வேண்டும்.

நாங்கள் நாலு பேர் மண்டபம் கேட்டிருக்கிறோம். காற்றாடிக்கும் விளக்குக்கும் 50 வெள்ளி என்கிறார்கள். பேரம் இன்னும் படியவில்லை.