பரம்பரைச் சொத்தை அழிக்காமல் பெருக்கிக் காட்டிய வாரிசு யாராவது உண்டா?

உண்டு. எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் அமெரிக்காவின் வில்லியம் ஹென்றி வாண்டர்பில்ட். அவருடைய அப்பா கார்னேலியஸ், படகு ஓட்டிப் பிழைக்கத் தொடங்கி, நீராவிக் கப்பல், பிறகு ரயில்வே என்று வளர்ந்தவர். 1877 ஜனவரியில் அவர் இறந்தபோது சொத்து சுமார் 10 கோடி டாலர். பெரும்பகுதி வில்லியத்துக்கே போனது. 1885 டிசம்பரில் மகன் கண்ணை மூடும்போது அது சுமார் 20 கோடி. இடையில் ஒன்பது வருஷம்கூட இல்லை.

இத்தனைக்கும் அப்பா இவரை வெகுகாலம் உருப்படாத பிள்ளை என்றே நினைத்திருந்தார். நியூயார்க் பக்கத்திலுள்ள ஸ்டேட்டன் தீவில் ஒரு பண்ணையைக் கொடுத்து ஒதுக்கியும் வைத்தார். அந்தக் காலத்துக் கதை ஒன்று சொல்வார்கள். அப்பாவின் லாயத்திலிருந்து எருவை லோடு நாலு டாலர் என்று மகன் விலை பேசினாராம். பிறகு படகுத்துறையில் ஒரு பெரிய சரக்குத் தோணி எரு நிரம்பி நிற்பதைப் பார்த்த அப்பா, "எத்தனை லோடு எடுத்திருக்கே?" என்று கேட்டாராம். "ஒண்ணுதாம்ப்பா, ஒரு தோணி லோடு!"

பண்ணை லாபம் பார்த்தது. பிறகு, நொடித்துப்போன ஸ்டேட்டன் தீவு ரயில்வேயை நிர்வகிக்கும் பொறுப்பு வந்தது. அதையும் தூக்கி நிறுத்தினார். அதன்பிறகுதான் அப்பா நியூயார்க் ரயில்வேக்குள் சேர்த்துக்கொண்டார். சொத்து கைக்கு வரும்போது வில்லியத்துக்கு 55 வயது, தொழிலில் பல வருஷ அனுபவம். பெருக்க முடிந்ததற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயோடு லேக் ஷோர், மிச்சிகன் சென்ட்ரல், கனடா சதர்ன் என்று சிகாகோ வரை போகும் பாதைகள் அவர் பிடிக்குள் வந்தன. லேக் ஷோருக்குப் பக்கத்திலேயே போட்டியாகப் போட்ட நிக்கல் பிளேட் பாதையை, 1882-ல் அது ஓடத் தொடங்கிய சில நாளிலேயே வாங்கிப் போட்டார்.

ஆனால் நான் மலைத்துப்போவது அவர் விற்றதைப் பார்த்துத்தான். ஒரே மனிதர் கையில் இவ்வளவு பெரிய ரயில்வே இருப்பதை மக்கள் வெறுத்தார்கள். ஆளுக்கொரு கட்டணம் வாங்கும் கட்டணப் பாகுபாடு பற்றி நியூயார்க் சட்டமன்றக் குழு விசாரித்துக்கொண்டிருந்தது. அந்த 1879-ல் வங்கியாளர் ஜே. பி. மார்கன் மூலமாக நியூயார்க் சென்ட்ரலின் இரண்டரை லட்சம் பங்குகளை, பங்கு 120 டாலர் வீதம் விற்றார். பெரும்பாலும் லண்டனில், சந்தை விலை சரியாதபடி சத்தமில்லாமல் நடந்தது. கிடைத்த பணத்தில் பெரும்பகுதியை அரசாங்கக் கடன் பத்திரங்களில் போட்டார். அப்பா கட்டிய கம்பெனி என்ற பாசத்தில் எல்லாவற்றையும் ஒரே கூடையில் வைத்திருக்கும் வாரிசுகள்தானே அதிகம்!

அதற்காக அவரைக் கும்பிடச் சொல்லவில்லை. 1877-ல் தொழிலாளர் கூலியில் பத்து சதவீதம் வெட்டினார். நாடெங்கும் ரயில்வே வேலைநிறுத்தம் வெடித்தபோது, வேலையை விடாதவர்களுக்கு ஒரு லட்சம் டாலரைப் பிரித்துக் கொடுத்தார். வெட்டிய கூலிக்கு அது ஈடாகாது. பெருகிய அந்தச் சொத்தில் அவர்கள் வயிற்றுப்பாடும் இருக்கிறது, இதைச் சொல்லாமல் அவர் திறமையை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.

அப்பாவின் உயிலை எதிர்த்து உடன்பிறந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனதை அவர் மறக்கவில்லை போலிருக்கிறது. தன் உயிலில் எட்டுப் பிள்ளைகளுக்கும் பங்கு வைத்தார். பெரும்பகுதி மூத்த மகன்கள் இருவருக்கு. இளைய மகன் ஜார்ஜ் தன் பங்கை வட கரோலினாவில் 250 அறைகள் கொண்ட பில்ட்மோர் மாளிகையில் கொட்டினார். அப்பாவைப் போல இரட்டிப்பாக்கியவர் அந்தத் தலைமுறையில் யாருமில்லை.