ஒரு பிடி அரிசியும் 127 நாட்களும்

அன்புள்ள அக்கா,

என் மனைவிக்கு 31 வயது. இரண்டு குழந்தைகள். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.2 என்று வந்தது. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஒரு மாதத்தில் 9.8 ஆகிவிட்டது. வயிறு எரிகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று இப்போது நிறுத்திவிட்டாள். டாக்டரோ இன்னும் பல மாதம் போடச் சொல்கிறார். பீட்ரூட், பேரீச்சம்பழம் கொடுத்தால் ரத்தம் ஊறாதா? வெளிநாட்டு ஆராய்ச்சியை வைத்து நம் ஆட்களுக்கு மருந்து கொடுப்பது சரியா? அவளுக்குப் பச்சரிசி தின்னும் கெட்ட பழக்கம் வேறு. எவ்வளவு திட்டினாலும் விடமாட்டேன் என்கிறாள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அரிசி தின்கிறாள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

என் அம்மா முந்தானையில் அரிசி முடிந்துவைத்திருப்பாள். உலைக்கு அரிசி களையும்போது ஒரு பிடி வாய்க்குள் போய்விடும். நான் பக்கத்தில் போய் நின்றால் எனக்கும் கொஞ்சம் கொடுப்பாள். "அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டும்" என்று பாட்டி என்னை மிரட்டுவாள். அம்மாவை மிரட்ட அது போதாது, அதனால் திட்டு. அப்பா ஒருமுறை அரிசி டின்னைப் பரண்மேல் தூக்கி வைத்தார். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படி ஏற முடியாமல் அவள் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்தோம். நானும்தான் வைத்தேன்.

கடைசியில் காய்ச்சல் என்று ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கிருந்த நர்ஸ் ஒருவர் அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "அரிசி திங்கிறியாம்மா?" அம்மா அழுதுவிட்டாள். யாரோ கோள்மூட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஹீமோகுளோபின் 6 இருந்தது. மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் முந்தானை முடிச்சு காணாமல் போனது.

உடம்பில் இரும்பு வற்றும்போது பச்சரிசி, மண், சாம்பல், சிலேட்டுக்குச்சி, ஐஸ்கட்டி இவற்றின்மேல் அடக்கமுடியாத ஆசை வரும். மருத்துவப் புத்தகத்தில் உள்ள அறிகுறி இது. அரிசி தின்கிற எல்லோருக்கும் ரத்தசோகை என்று சொல்லவில்லை. ஆனால் ஹீமோகுளோபின் 8.2 உள்ள பெண் அரிசி தின்றால் அது பழக்கமில்லை ஐயா, நோய். நீங்கள் உங்கள் மனைவியை நோய்க்காகத் திட்டியிருக்கிறீர்கள். இரும்பு ஏற ஏற அந்த ஆசை தானாகப் போய்விடும், பல பேருக்கு ஹீமோகுளோபின் முழுதாக ஏறுவதற்கு முன்பே.

சரி, "ரத்தம் ஊறும்" என்கிற பேச்சுக்கு வருகிறேன். அந்தச் சொல்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. ஊறுவதற்கு ரத்தம் என்ன கிணறா? அது கட்டப்படுவது. உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் டேவிட் ஷெமினைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த உயிர்வேதியியல் விஞ்ஞானி. புரதத்தில் இருக்கும் கிளைசின் என்ற சின்னஞ்சிறு அமினோ அமிலத்தை, சாதாரண நைட்ரஜனுக்குப் பதிலாகக் கொஞ்சம் எடை கூடிய நைட்ரஜன்-15ஐ வைத்துத் தன் கையாலேயே 66 கிராம் தயாரித்தார். எடை கூடியதால் அது எங்கே போனாலும் கருவியில் அடையாளம் தெரியும். 1945 பிப்ரவரி 12 அன்று தொடங்கி, மணிக்கு ஒரு கிராம் வீதம், ராத்திரி பகல் பார்க்காமல் 66 மணி நேரம் தானே சாப்பிட்டார்.  அப்புறம் மாதக்கணக்கில் தன் ரத்தத்தை எடுத்து எடுத்துச் சோதித்தார்.

அடையாளமிட்ட நைட்ரஜன் ஹீமில் போய் உட்கார்ந்திருந்தது. ஹீம் என்பது ஹீமோகுளோபினுக்குள் இருந்துகொண்டு ரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுக்கும் வளையம். நான்கு நைட்ரஜன் சுற்றி நின்று நடுவில் ஓர் இரும்பு அணுவைப் பிடித்திருக்கும். கிளைசினின் நைட்ரஜனை வைத்துத்தான் உடம்பு இதைக் கட்டுகிறது என்பது இப்படித்தான் தெரியவந்தது. அதைவிட என்னை அசத்தியது அடுத்தது. பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், இருக்கும் புரதங்களில் அடையாளம் சீக்கிரமே மங்கிவிட்டது. ஹீமில் மட்டும் சில வாரம் ஏறி, அப்படியே மாதக்கணக்கில் நின்று, பிறகுதான் இறங்கியது. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவும் கிடையாது, செல்லின் சக்திக்கூடமான மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. புது ஹீம் செய்ய அதற்கு வழியில்லை. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும்போது கொடுத்ததை வைத்துக்கொண்டு சாகும்வரை ஓடுகிறது. எத்தனை நாள்? 1946இல் ஷெமினும் அவரோடு வேலை பார்த்த டேவிட் ரிட்டன்பெர்கும் கணக்கிட்டுச் சொன்னது சுமார் 127 நாட்கள். இன்று பாடப்புத்தகத்தில் 120 என்று இருக்கும்.

இப்போது உங்கள் மனைவிக்கு வாருங்கள். ஒரு மாதம் மாத்திரை போட்டாள். அந்த மாதம் பிறந்த அணுக்கள்தான் தெம்போடு பிறந்தவை. அதற்கு முன்பு, இரும்பு இல்லாமல் சிறுத்து வெளிறிப் பிறந்தவை இன்னும் அவள் ரத்தக் குழாய்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை மாறி முடியவே நான்கு மாதம் ஆகும். அது முடிந்தாலும் கல்லீரலில் இருக்கும் சேமிப்பு நிரம்பியிருக்காது. குதிர் காலியான பிறகுதானே உலைப்பானையில் அரிசி குறையும்? அதேபோல் இரும்பு குறையும்போது முதலில் சேமிப்பு தீரும், ஹீமோகுளோபின் கடைசியில்தான் விழும். 8.2 என்றால் குதிர் எப்போதோ காலி. 9.8ஐப் பார்த்து நீங்கள் இருவரும் நிம்மதி அடைந்தது எனக்குப் புரிகிறது. ஆனாலும் நிறுத்தியது தப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உடம்பு இரும்பை அவ்வளவு கெட்டியாகப் பிடித்துவைக்கிறது. மஜ்ஜை நொடிக்கு இருபது லட்சம் சிவப்பணுக்களுக்கு மேல் செய்கிறது. அதற்குத் தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வேண்டும். குடல் உறிஞ்சுவது ஒன்றோ இரண்டோ மில்லிகிராம். மீதி எல்லாம் செத்த அணுக்களைப் பிரித்து எடுத்த பழைய இரும்பு. ஒருவேளை உங்கள் மனைவி பிறந்த வருடத்தில் வந்த இரும்பு அணுவே இன்னும் சுற்றிக்கொண்டிருக்கலாம். இரும்பை வேண்டுமென்று வெளியே தள்ளும் வழி எதுவும் உடம்பில் இல்லை. பெரிய அளவில் போவதென்றால் ரத்தமாகத்தான் போகும். மாதவிலக்கில் 40 மில்லி போனால் 15 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு போச்சு. கர்ப்பம் தொடங்கிப் பிரசவம் வரை ஒரு பிள்ளைக்கு ஆகும் மொத்த இரும்புச் செலவு கிட்டத்தட்ட ஒரு கிராம். உங்கள் மனைவிக்கு இரண்டு. வீட்டுக் கணக்கில் பால்காசு வரை எழுதுகிறோம், இதை மட்டும் எழுதுவதில்லை.

பீட்ரூட்டின் சிவப்புக்கும் ஹீமுக்கும் சம்பந்தமில்லை. 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. பிடித்தால் சாப்பிடட்டும், மருந்தாக நினைக்க வேண்டாம். வெளிநாட்டு ஆராய்ச்சி என்கிற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஹீமுக்கு ஊர் கிடையாது. மலம் கறுப்பது உறிஞ்சாமல் போன இரும்பு, பயப்பட ஒன்றுமில்லை. வயிற்றெரிச்சல் நிஜமான கஷ்டம், அதற்கு வழி இருக்கிறது. ஒரு வேளை மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து குடலின் கதவை ஒரு நாள் போலச் சாத்திவிடுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்று சூரிச்சில் இரும்பு குறைந்த பெண்களை வைத்துச் சோதித்து 2017இல் வெளியிட்டிருக்கிறார்கள். அவளுக்கு அது பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையையும் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிலக்கு அதிகமா என்று அவளிடம் நீங்களே கேளுங்கள். மாத்திரையோடு டீ, காபி வேண்டாம்.

அந்த அரிசி ஆசை எப்போது ஆரம்பித்தது என்றும் கேளுங்கள். முதல் பிரசவத்துக்குப் பிறகா, இரண்டாவதற்குப் பிறகா? திட்டுகிற குரலில் கேட்காதீர்கள். அவள் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா