முழங்காலில் ஒரு ஊசி: பயப்பட வேண்டியது எதற்கு?

கேள்வி: வயது 58, நீரிழிவு உண்டு. ஏழு மாதமாக வலது முழங்கால் வலி, மேம்பாலப் படி ஏற முடியவில்லை. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசி போடலாம் என்கிறார் மருத்துவர். ஊசி போட்டால் மூட்டு தேய்ந்து அறுவை சிகிச்சையில் முடியும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. மூட்டில் சொடக்குச் சத்தமும் கேட்கிறது. ஜொகூரில் வாங்கிய மூலிகைத் தூளால் சமாளிக்கிறேன்.
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: ஒரு ஊசியால் மூட்டு தேய்ந்துவிடாது, அம்மா. 2017ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை என இரண்டு வருடம் ஸ்டீராய்டு (வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் மருந்து) ஊசி போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது, அதனால்தான் நாங்கள் எண்ணி எண்ணிப் போடுகிறோம். உங்களுக்குச் சொல்லியிருப்பது ஒரே ஊசி. அதில் பாதி வேலை, வலி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது.

இடுப்பு மூட்டு கெட்டாலும் முழங்கால் வலிக்கும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, உள்பக்கம் இருக்கும் சிறு நீர்ப்பை வீங்கினாலும் படி ஏறும்போது குத்தும். எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானம் உங்கள் வயதில் வலியே இல்லாத பலருக்கும் இருக்கும். அதனால் மருத்துவர் திரையில் ஊசி முனையைப் பார்த்தபடி, சந்தேகப்படும் இடத்தில் மரப்பு மருந்தை இறக்கி, கொஞ்ச நேரத்தில் உங்களை நடந்து, படி ஏறிப் பார்க்கச் சொல்வார். வலி போய்விட்டால் இடம் அதுதான், போகாவிட்டால் வேறு இடத்தில் தேட வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் மரப்பு தெளிந்து வலி திரும்பும். ஸ்டீராய்டு சேர்த்திருந்தால் அது வேலை செய்யச் சில நாள் ஆகும். அந்த நாட்களில் சர்க்கரையும் ஏறும், வீட்டில் அடிக்கடி சோதியுங்கள்.

சொடக்குச் சத்தம் வலியில்லாமல் வந்தால் விட்டுவிடுங்கள்.

அந்தத் தூளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. லேபிள் இல்லாத மூட்டுவலி மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. மருத்துவர் அளந்து போடும் ஸ்டீராய்டுக்குப் பயந்து, அளவே தெரியாத ஒன்றைத் தினமும் விழுங்கலாமா? நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், மாதக்கணக்கில் உள்ளே போயிருந்தால் உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு குறைந்திருக்கும், திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழக்கூடும். ஊசிக்கு முன்பே, இந்த வாரமே, டப்பாவோடு மருத்துவரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. ஊசி போட்ட முதல் ஓரிரு நாள் மூட்டு கடுக்கலாம், ஐஸ் ஒற்றடம் போதும். ஆனால் வலி நாளுக்கு நாள் ஏறி, மூட்டு சூடாகி, சிவந்து வீங்கி, மடக்கவோ கால் ஊன்றவோ முடியவில்லை என்றால் உள்ளே கிருமி புகுந்திருக்கலாம். அபூர்வம்தான், ஆனாலும் சில நாளிலேயே குருத்தெலும்பை அரித்துவிடும், நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். காய்ச்சல் வரட்டும் என்று இருக்காதீர்கள்: ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிவிடும், உங்கள் தூளும்தான். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைப் போட்டால் மூட்டு நீரை எடுத்துச் செய்யும் சோதனையே கெட்டுப்போகும். பலதுறை மருந்தகத்தில் முன்பதிவு கிடைக்கும்வரை பொறுக்க வேண்டாம், நடு இரவானாலும் மகனையோ மகளையோ எழுப்பி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், என்றைக்கு ஊசி போட்டீர்கள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.